யாரும் கொளுத்தாத தீ

நேதாவின் காறை எலும்பில் இருந்த மேட்டை நான் முதலில் பார்த்தது வெள்ளரிக்காய்ப் பருவத்தில். டிராக்டர் இழுக்கும் வண்டியின் இரு பக்கமும் இறக்கை மாதிரிப் பலகைகள் நீண்டிருக்கும். அவற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு, வண்டி ஊர ஊர, கொடிக்குள் கைவிட்டுக் காய் பறிப்போம். என் தங்கை நேதாவுக்கு அப்போது ஒன்பது வயது. பறிப்பதைவிடப் பாடுவதுதான் அதிகம். அன்று பாட்டு நின்றுபோயிருந்ததால் திரும்பிப் பார்த்தேன். சட்டைக் கழுத்து விலகிய இடத்தில், ஒரு பிளம் பழத்தைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்ததுபோல் வீங்கியிருந்தது.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"போகுது" என்றாள்.

எங்கள் ஆட்களிடம் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். விளைச்சல் எப்படி? போகுது. உடம்பு எப்படி? போகுது. அப்பாவின் அண்ணன் ஒருவர் டிராக்டர் சக்கரத்தடியில் கால் மாட்டிக் கிடந்தபோதும் அதையே சொன்னாராம். தூக்க வந்தவர்கள் அதை நம்பி முதலில் டிராக்டருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்களாம். இன்றும் ஞாயிற்றுக்கிழமை சூரியகாந்தி விதை கொறிக்கும்போது இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வலியை எடுத்துச் சொல்வது எங்கள் சபையில் அழகாகாது.

அம்மாவும் அப்பாவும் மெக்சிகோவில், சிவாவா பக்கத்தில், மென்னோனைட் என்ற பழைய கிறிஸ்தவச் சபையாரின் காலனியில் பிறந்தவர்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒன்டாரியோவுக்கு வந்தார்கள். அப்பா ஒரு வெள்ளைக்காரரின் பால் பண்ணையில் வேலை செய்கிறார். நாங்களும் நிறத்தில் வெள்ளைதான். ஆனால் இங்கிலீஷ் பேசுகிறவர்களைத்தான் எங்கள் வீட்டில் அப்படிப் பிரித்துச் சொல்வோம். அம்மாவுக்கு இங்கிலீஷ் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். வீட்டில் எங்கள் பேச்சு, ஜெர்மனுக்குத் தூரத்து உறவு. கோயிலில் பழைய ஜெர்மன்.

அம்மா நேதாவை முதலில் அழைத்துப் போனது சாரா அத்தையிடம். சாரா பான்மன் எலும்பு பிடித்துவிடுகிறவர். எங்கள் பேச்சில் அதற்கு "நேராக்குகிறவர்" என்று பெயர். பெரிய கை, சின்னக் கண்கள், வாய் ஓயாது. காறை எலும்பில் களிம்பு தடவி, கட்டை விரலால் அழுத்தி, தோளைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். நேதா அழவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் மேடு வற்றியது. அம்மா நன்றியோடு ஒரு வாளி நிறைய வெள்ளரிக்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள்.

பிறகு வலி காலுக்கு வந்தது. கணுக்காலுக்குச் சற்று மேலே. பகலில் ஓடுவாள், படுத்தால் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். நானும் அவளும் ஒரே கட்டில் என்பதால் எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியவந்தது, காலையில் அவள் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதைப் பார்த்தபோதுதான்.

எக்ஸ்ரே எடுத்த டாக்டர் எங்களைப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எலும்பில் கிருமி புகுந்திருக்கலாம் என்றார்கள். கையில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, அதன் வழியாக வாரக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். அம்மா அவளோடு அங்கேயே தங்கினாள். சின்னவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். எங்கள் பெண்கள் எப்படியும் சீக்கிரமே பள்ளியை விடுகிறவர்கள்தான். நான் அந்தக் குளிர்காலத்தில் விட்டேன். யாரும் பெரிதாகப் பேசவில்லை. வகுப்பில் வாய் திறந்து பேசாதவள் இல்லாமல்போனால் யாருக்குத் தெரியும்?

மருந்து ஏறியது, வலி குறைந்தது. குழாயை எடுத்தார்கள், வசந்தம் தொடங்கும்போது வலி திரும்ப வந்தது, இந்த முறை இடுப்பில். எலும்பில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். கிருமி எதுவும் வளரவில்லை. அதைக் கேட்ட அன்று அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள், "ஒளிஞ்சிருக்கு. அவ்வளவு பெரிய மெஷினுக்கும் தெரியாம ஒளிஞ்சிருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, கையை ஈரத்தோடு அப்படியே வைத்துக்கொண்டு சொன்னாள், "அந்த ஆணி வழியாத்தான் போயிருக்கு."

வெள்ளரிக்காய்ப் பருவத்துக்கு முந்தின வசந்தத்தில் நேதா பழைய புகையிலைக் கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டாள். அம்மா அதைச் சமையலறைத் தண்ணீரில் கழுவித் துணி கட்டினாள். டாக்டரிடம் போகவில்லை. எங்கள் வீட்டில் யாரும் ஆணிக்காக டாக்டரிடம் போனதில்லை. ஆனால் அம்மா அந்த ஒரு நாளை மனதுக்குள் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மே மாதம் நேதாவுக்கு உடம்பு முழுக்க எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில் நானும் போனேன். ஆனால் கடைசித் தம்பி அழுததால் அவனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். உள்ளே டாக்டரம்மா, அம்மா, நேதா, மேசைமேல் ஒரு தொலைபேசி. வீட்டார் மொழிபெயர்க்கக் கூடாது என்பது அங்கே விதி. என்ன மொழி வேண்டும் என்று கேட்டபோது அம்மா "ஜெர்மன்" என்று சொல்லியிருந்தாள். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் பேச்சுக்கு வெளியாட்களிடம் வேறு பெயர் சொல்லிப் பழக்கமில்லை. மொழிபெயர்க்கத் தொலைபேசியில் வந்தவர் ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்.

அம்மா வெளியே வந்தபோது முகத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கும் நல்ல செய்தி என்றே தோன்றியது.

அன்று மாலை, அவித்த மாவுக் கொழுக்கட்டையின் மேல் பாலாடைக் குழம்பை ஊற்றியபடி அம்மா அப்பாவிடம் விவரம் சொன்னாள். படத்தில் பல இடங்களில் வெள்ளையாகத் தெரிகிறதாம். காறை எலும்பு, இரண்டு கால்கள், இடுப்பு. முதுகெலும்பிலும் இரண்டு இடம். முதுகில் நேதாவுக்கு இதுவரை பெரிய வலி இல்லை, அதனால் யாரும் தேடியிருக்கவில்லை.

"நான் சொன்னதுதான்" என்றாள் அம்மா. "எண்ட்ஸுண்டுங்குன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் தீப்பற்றுதல். முள் குத்திய விரல் சிவந்து சீழ் வைத்தால் அது எண்ட்ஸுண்டுங். பசுவின் மடி வீங்கிப் பால் திரிந்தால் அதுவும் அதுதான். எங்களுக்கு அது ஒன்றைத்தான் சொல்லும்: அழுக்கு உள்ளே போய்விட்டது, மருந்து போட்டுக் கொல்ல வேண்டும்.

அப்பா மெதுவாகச் சாப்பிடுகிறவர், அதைவிட மெதுவாகப் பேசுகிறவர். மருந்து என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார்.

அம்மா குளிர்பெட்டியைக் காட்டினாள். தடித்த பேனா மாதிரி ஊசிகள், ஒரு பெட்டியில். டிபி சோதனை முடிவு வந்தவுடன் ஆரம்பிக்க வேண்டுமாம். "உடம்போட எதிர்ப்பைக் குறைக்கிற ஊசியாம். கிருமி உள்ளே இருக்கும்போது! வீட்டுக்குள்ள திருடன் இருக்கான், நாயைக் கட்டிப்போடுன்னு சொல்றாங்க. கிருமியே இல்லைன்னா எதுக்கு டிபி டெஸ்ட் எடுக்கணும், நீங்களே சொல்லுங்க."

எனக்கும் அம்மா சொன்னது சரியாகவே பட்டது.

சோதனை முடிவில் டிபி இல்லை என்று வந்தது. ஊசி குளிர்பெட்டியிலேயே இருந்தது. அப்பாவின் தங்கை குடும்பம் மெக்சிகோவிலிருந்து வேனில் வந்தபோது அங்கே மருந்துக் கடையில் வாங்கிய கிருமிக்கொல்லி மாத்திரைகளை அம்மா கேட்டு வாங்கிவரச் செய்திருந்தாள். டாக்டர் தந்திருந்த வலி மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுத்தாள். நேதாவுக்கு வயிறு போனது. ஒரு வாரம் வலி குறைந்தது. அம்மா ஜெபத்தில் அந்த மாத்திரைக்கும் சேர்த்து நன்றி சொன்னாள். அடுத்த வாரம் நேதா நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையாலும் மேசையைப் பிடித்தாள்.

முதுகு எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டாள்.

"போகுது."

சனிக்கிழமை சாரா அத்தையிடம் போகலாம் என்று அம்மா முடிவு செய்தாள். ஒரு பக்கம் மாத்திரை கிருமியைக் கொல்லட்டும், இன்னொரு பக்கம் முதுகு நேராகட்டும்.

அந்த வாரத்தில்தான் பண்ணையில் முதல் புல் அறுப்பு. அறுப்பு வந்தால் அம்மா ஒரு மாதிரி ஆகிவிடுவாள். அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றும் முன் கேட்பாள், "கம்பி விட்டுப் பாத்தீங்களா?" பாத்தேன் என்பார் அப்பா. அது வெறும் கேள்வி இல்லை.

அம்மா சிறுமியாக இருந்தபோது காலனியில் அவள் வீட்டுக் கொட்டகை எரிந்துபோனது. உள்ளே மாடுகள் இருந்தன. ரமீரோ என்று ஒரு வேலையாள் சிகரெட் பிடிப்பார். அவர்தான் கொளுத்திவிட்டார் என்று அவரைக் குடும்பத்தோடு அனுப்பிவிட்டார்கள். அவருடைய மகளிடம் அம்மாவின் துணிப் பொம்மை இருந்தது; அதுவும் அவளோடு போயிற்று. அடுத்த வருடம் புதிய கொட்டகையில், பக்கத்தில் ஒரு ஆளும் இல்லாத நேரத்தில், அடுக்கிய புல்லிலிருந்து புகை வந்தது. அம்மாவின் அப்பா இரும்புக் கம்பியை உள்ளே செருகி எடுத்தார். பிடிக்க முடியாத சூடு. ஈரம் காயாமல் அடுக்கிய புல் தனக்குள்ளேயே வெந்து வெந்து தானே பற்றிக்கொள்ளும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. அந்த முறை புல்லைப் பிரித்துப்போட்டு ஆற்றிவிட்டார்கள். ரமீரோவைத் தேடி யாரும் போகவில்லை. அம்மா ஒவ்வொரு அறுப்புக்கும் இந்தக் கதையைச் சொல்வாள். ஒவ்வொரு முறையும் பொம்மையில் வந்து நிறுத்துவாள்.

வெள்ளிக்கிழமை நான் ஸ்ட்ராபெரி ஜாம் கிண்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அம்மா தோட்டத்தில் இருந்தாள். அடித்து ஓயட்டும் என்று நின்றேன். ஓய்ந்து திரும்பவும் அடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து மாரீன் என்ற நர்ஸ். நேதாவின் அக்காவா என்று கேட்டார். ஊசி போட்டபின் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ஜாம் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது.

"இன்னும் போடலை" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஏன் என்று கேட்டார். கிருமி இருக்கும்போது அந்த ஊசி போட்டால் ஆபத்து என்று அம்மா பயப்படுவதாகச் சொன்னேன்.

"கிருமியே இல்லையேம்மா. அதைத்தானே டாக்டர் அன்னைக்குச் சொன்னாங்க. இன்ஃபெக்‌ஷன் இல்லை, இன்ஃப்ளமேஷன்னு."

எனக்கு இங்கிலீஷில் அந்த இரண்டு சொல்லும் தெரியும். இரண்டும் ஒன்றையே சொல்லும் என்று நினைத்திருந்தேன். தயங்கித் தயங்கி, என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மாரீன் அவசரப்படாமல் சொன்னார். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே காரணமில்லாமல் எலும்பில் போய்க் கொதிக்கின்றன. ஓர் இடத்தில் அடங்கும், இன்னோர் இடத்தில் கிளம்பும். முன்பு மருந்து ஏற்றியபோது குறைந்ததும் மருந்தால் இல்லை, அதுவாகவே அடங்கியிருக்கிறது. அதனால்தான் முதலில் யாருக்கும் புரியவில்லை, டாக்டர்களுக்கும்தான் என்றார். எதனால் வருகிறது என்று கேட்டேன். யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார். ஆணி குத்தினால் வருமா என்று கேட்டேன்.

"ஆணியா? இல்லைம்மா. ஆணிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

பிறகு அவர் குரல் மாறியது. முதுகில் இருக்கும் அந்த இரண்டு எலும்புகளும் இப்போது உளுத்த மரம் மாதிரி. கனம் தூக்கக் கூடாது, குதிக்கக் கூடாது, முக்கியமாக யாரும் முதுகை அழுத்தவோ நீவவோ கூடாது. அழுத்தினால் நொறுங்கலாம். காலில் மரத்துப்போவது, நடை தடுமாறுவது ஏதாவது தெரிந்தால் உடனே அழைத்து வர வேண்டும். திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

ஜாம் கருகிப்போயிருந்தது. சட்டியைச் சுரண்டிக்கொண்டே எங்கள் பேச்சில் அந்த இரண்டாவது சொல்லைத் தேடினேன். இல்லை. தொலைபேசியில் வந்த பெண் தவறாக எதுவும் சொல்லவில்லை என்பது புரிந்தது. "கிருமி இல்லை, எண்ட்ஸுண்டுங்" என்று சொல்லியிருப்பார். அவருடைய ஊரில் அது சரியான சொல். அம்மாவின் காதில் அது "கிருமிதான்" என்று விழுந்திருக்கிறது.

அம்மா உள்ளே வந்ததும் சொன்னேன். நர்ஸ் பேசினார், கிருமி இல்லையாம் என்றேன். அம்மா கருகிய சட்டியைப் பார்த்தாள்.

"பின்னே என்னவாம்?"

எண்ட்ஸுண்டுங் என்றேன். வேறு சொல் என்னிடம் இல்லை.

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அம்மா கை கழுவப் போனாள். முதுகை அழுத்தக் கூடாது என்றார்கள் என்றேன். சாரா அத்தை அம்மாவின் முதுகையே இருபது வருடமாக அழுத்துகிறார், ஒன்றும் ஆகவில்லை என்றாள். அதற்குமேல் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அப்பாவிடம் சொல்லலாம் என்று பார்த்தால், மழைக்கு முன் புல்லைக் கட்டி முடிக்க அவர் வயலிலேயே இருந்தார்.

சனிக்கிழமை வேனில் நானும் ஏறிக்கொண்டேன். நேதா நடு இருக்கையில், பாதையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உதட்டைக் கடித்தபடி வந்தாள். வழியெல்லாம் அறுத்த புல்லின் வாசனை. நான் வாய்க்குள் ஒரு வாக்கியத்தைக் கட்டினேன், கலைத்தேன், திரும்பக் கட்டினேன்.

சாரா அத்தை வீட்டின் பின்னறையில் போர்வை விரித்த மேசை ஒன்று உண்டு. "வாடி என் ஊறுகாய்ப் பொண்ணே" என்று நேதாவைக் கூப்பிட்டார். "இந்தத் தடவை எந்த எலும்பு அடம் பிடிக்குது?" நேதாவைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். சட்டையை மேலே சுருட்டியபோது முதுகுத்தண்டு ஒவ்வொரு முள்ளாகத் தெரிந்தது. அத்தை உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து, உடம்பின் கனத்தை அதில் இறக்கப்போகிறவர்போல முன்னால் சாய்ந்தார்.

"அழுத்தாதீங்க" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்டது. அத்தை நின்று என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"உன் மூத்தவளுக்கு நாக்கு இருக்கா? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதே."

அம்மாவின் முகம் சிவந்தது. வெளியே போய் நில் என்றாள். நான் போகவில்லை. வேனில் கட்டிவைத்த வாக்கியம் ஒன்றும் நினைவில் இல்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

"ரமீரோ கொளுத்தலைம்மா."

"என்ன?"

"ரமீரோ கொளுத்தலை. புல்லு தானாவே பத்திக்கிச்சு. நீங்கதானே சொல்வீங்க. நேதாவுக்கும் அதுதான். அந்த எண்ட்ஸுண்டுங்தான் டாக்டரம்மா சொன்னது. வெளியிலேர்ந்து ஒண்ணும் வரலை. ஆணி கொளுத்தலை. நீங்களும் கொளுத்தலை."

அத்தையின் கைகள் நேதாவின் முதுகுக்கு மேலே, தொடாமல் நின்றன. அம்மா சுவரோரம் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நான் நினைத்திருந்தேன், ஆணி காரணமில்லை என்று கேட்டால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று. அப்படி இல்லை. கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல என்னைப் பார்த்தாள். ஆணி இருந்தவரை அவளுக்கு ஒரு குற்றம் இருந்தது. குற்றம் இருந்தால் மன்னிப்புக் கேட்கலாம், பரிகாரம் செய்யலாம், மாத்திரை வாங்கலாம்.

"அப்போ ஈரம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள். "ஈரம் இல்லாம புல்லு வேகாது. அதை யாரு அடுக்கினது?"

"அது அவங்களுக்கும் தெரியலையாம்."

"தெரியாதவங்க சொல்ற ஊசியைத்தான் நான் என் பொண்ணுக்குப் போடணுமா?"

மாரீனிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அத்தை பெருமூச்சு விட்டு, சரி என்ன செய்யட்டும் என்று கேட்டார். அம்மா என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. "நீங்க பாருங்க" என்று சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டாள்.

அப்போது போர்வைக்குள் முகம் புதைந்திருந்த நேதா சொன்னாள்,

"போகலைம்மா."

அவ்வளவுதான். அழவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டிருக்க மாட்டாள். அவள் மேசையருகே குனிந்து, நேதாவின் முகம் இருந்த பக்கம் தன் முகத்தை வைத்து, எங்கே என்று கேட்டாள். முதுகில் என்றாள் நேதா. எப்போதிருந்து? அறுவடை நன்றித் திருநாள் சமயத்திலிருந்து. அது போன இலையுதிர்காலம். அம்மா ஒவ்வொரு முறை கேட்டபோதும் அவள் போகுது என்று சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொல்லத்தான் நாங்கள் கற்றுக்கொடுத்திருந்தோம்.

அத்தை கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டார்.

"எலும்பு கோணினா நேராக்குவேன்" என்றார் அம்மாவிடம், கொஞ்சம் மனத்தாங்கலோடு. "நெருப்புப் பிடிச்சிருக்குன்னா என்கிட்ட ஏன் கூட்டிட்டு வந்தே?" பிறகு என்னைப் பார்த்து, "நீ பள்ளிக்கூடத்தை விட்டாலும் பள்ளிக்கூடம் உன்னை விடலைபோல" என்றார். அது பாராட்டு இல்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் அவர் எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தார்.

திரும்பும்போது அம்மா நேராக வீட்டுக்குப் போகவில்லை. பண்ணை வந்ததும் வேனை வயலோரம் நிறுத்தினாள். அப்பாவும் ஆட்களும் புல் கட்டுகளைக் கொட்டகைக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைப் பக்கமே போகாத அம்மா இறங்கி உள்ளே போனாள். சுவரில் சாத்தியிருந்த நீண்ட இரும்புக் கம்பியை எடுத்து, அடுக்கின் நடுவில் செருகினாள். காத்திருந்தாள். உருவி, முனையைக் கையால் பிடித்துப் பார்த்தாள். அதன்பின் வெகு நேரம் அந்தக் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மெக்சிகோ மாத்திரைகளைக் கழிவுத்தொட்டியில் கொட்டவில்லை. அலமாரியின் மேல்தட்டில் பின்னுக்குத் தள்ளி வைத்தாள். பழைய வலி மாத்திரையை எடுத்து ரொட்டியோடு நேதாவுக்குக் கொடுத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்,

"திங்கட்கிழமை வர்றோம்னு அந்த நர்ஸுக்குப் போன் பண்ணு. நம்ம பேச்சு தெரிஞ்ச ஆள் வேணும்னு சொல்லு. ஜெர்மன் வேண்டாம்."

ஆஸ்பத்திரியில் இந்த முறை எங்கள் ஆட்களில் ஒருவர் வந்திருந்தார், பக்கத்து ஊருக்கு மருமகளாக வந்தவர். டாக்டரம்மா சொன்னதை அவர் புல்லும் இல்லாமல் தீயும் இல்லாமல், சுற்றி வளைத்துச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். முதல் ஊசியை மாரீன் நேதாவின் தொடையில் போட்டார். அதன்பின் வீட்டில் அம்மாவே போடுகிறாள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, குளிர் போக மேசைமேல் வைத்துவிட்டு, அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டு ஜெபத்தைவிட நீளமான அமைதி அது.

நேதா அந்தக் கோடையில் மெல்ல மெல்லப் பாட ஆரம்பித்தாள். வெள்ளரிக்காய் வண்டியில் அவளை ஏற்றவில்லை. வயலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அங்கிருந்து எங்களை அதட்டினாள், தப்பான காயைப் பறிக்கிறோம் என்று.

இலையுதிர்காலத்தில் மறுபடி படம் எடுத்தார்கள். காறை எலும்பு அடங்கியிருந்தது. கால்களில் மங்கலாக ஏதோ மிச்சம். முதுகின் இரண்டு எலும்புகளில் ஒன்று அமைதியாகிவிட்டது. மற்றொன்று ஒரு பக்கம் சற்று அமுங்கியிருந்தது. மிதிபட்ட தகர டப்பா மாதிரி. ஊசி தொடர்ந்தால் மேலும் அமுங்காமல் பார்த்துக்கொள்ளலாம், குழந்தை என்பதால் கொஞ்சம் திரும்ப வளரவும் வளரலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. வேறு எலும்பில் திரும்பக் கிளம்பலாம், கிளம்பாமலும் போகலாம்.

எப்போது அமுங்கியது என்று அம்மா கேட்டாள். ஊசி குளிர்பெட்டியில் இருந்த அந்த நாட்களிலா? எங்கள் பேச்சு தெரிந்தவர் அதை இங்கிலீஷில் சொல்லத் தயங்கினார். சொல்லுங்கள் என்றாள் அம்மா. டாக்டரம்மா படத்தை இன்னொரு முறை பார்த்தார். அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம், அப்போதும் ஆகியிருக்கலாம், சொல்லத் தெரியாது என்றார். உங்கள் தவறு என்று நினைக்காதீர்கள் என்றும் சொன்னார். அம்மா அதற்குத் தலையாட்டவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் விளக்கேற்றும் முன், நேதா தலை பின்னிக்கொள்ள அம்மாவின் முன்னால் உட்காரும்போது, அம்மா அவள் சட்டைக்குள் கையை விட்டு முதுகில் வைத்துப் பார்க்கிறாள். எலும்புக்குள் இருப்பது கைக்குத் தெரியாது என்று மாரீன் சொன்னதை நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கம்பி முனையைப் பிடித்துப் பார்ப்பவள்போல, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறாள்.

"எப்படி இருக்கு?"

"போகுது" என்கிறாள் நேதா.

"அந்தச் சொல் வேண்டாம்" என்கிறாள் அம்மா. "எங்கே, எவ்வளவுன்னு சொல்லு. நான் கையை எடுக்க மாட்டேன்."